துப்பாக்கி வெடிக்காத நாவல்

பலெர்மோவில் வீட்டுப்பணி செய்வோருக்கு வியாழக்கிழமைப் பிற்பகல் ஓய்வு. அந்நேரத்தில் கடற்கரைப் புல்வெளியில் கூடும் எம்மவருள் இளையவர்கள், முதியோர் பராமரிப்புக்கென்று இப்போது நடத்தப்படும் வகுப்புகளுக்குச் சென்று சான்றிதழ் பெற்றவர்கள். படுத்திருப்பவரை எழுப்பும்போது எந்தக் கையை எங்கே கொடுப்பது என்பதுவரை அவர்களுக்குப் படம் வரைந்து கற்பித்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி சென்ற மாதம் என்னைக் கேட்டாள்:

"மாஸ்ரர், உங்கடை காலத்திலை நீங்கள் செய்த வேலையளுக்குள்ளை ஆகக் கஷ்டமானது எது? தூக்கிறதோ, குளிக்க வார்க்கிறதோ?"

"வாசிக்கிறது," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இருபத்துமூன்று ஆண்டுப் பணியில் நான் வேலைக்கு அஞ்சியது ஒரே ஒரு நாள். அன்று என் கையில் இருந்தவை பதினொரு தாள்கள். அதை அவர்களுக்கு விளக்கத் தொடங்கியபோது மழை வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பதினான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்துவிட்டு இத்தாலியின் இந்தச் சிசிலித் தீவை வந்தடைந்தவன் நான். பெர்மெஸ்ஸோ எனப்படும் வதிவு அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்னும் காவல் தலைமையகத்தின் வாசலில் நின்ற நாட்களை இங்கே விரிக்கமாட்டேன். அவற்றைப் பற்றி எழுதாதவர் எம்மில் எவருமில்லை. முதல் வீட்டில் மூன்று நாய்கள் இருந்தன. இரண்டாம் வீட்டில் அவை இல்லை, ஆயினும் நாய்களே மேல் என்று தோன்றியது. இவ்விரு வீடுகளிலும் நான் கற்றவை தரை துடைப்பதும், தக்காளியை வாட்டாமல் வேகவைப்பதும், எது சொன்னாலும் 'சீ, சிஞ்ஞோரா', அதாவது 'ஆம், அம்மா', என்பதுமே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்றாவதாக அமைந்த வீடு, ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவருடையது. காணி உறுதி எழுதிப் பதிபவரை ஊரில் நாம் அப்படித்தானே அழைப்போம். பல்லரோச் சந்தையின் மீன்விலைக் கூவல் மூன்றாம் மாடிவரை ஏறிவரும் பழைய மாளிகை ஒன்றில், எழுபத்தெட்டு வயதான அவரும், அவருக்கு இரண்டு வயது மூத்த கைம்பெண்ணான தமக்கை சிஞ்ஞோரா ரொசாலியாவும் வாழ்ந்தனர். அவ்வீட்டில் இத்தாலியத்தில் நிகழ்ந்த உரையாடல்களை நான் எம் ஊர்ப் பேச்சிலேயே தருகிறேன். என் மனத்தில் அவை அப்படித்தான் தங்கியிருக்கின்றன.

நொத்தாரிசின் பேச்சுமுறையை முதலில் சொல்லவேண்டும். நாற்பதாண்டுகள் எல்லை வகுத்து எழுதியவர் ஆதலால், எப்பொருளையும் அதன் நாற்புறமும் கூறாமல் அவரால் குறிப்பிட முடியாது. முதல் நாள் மதிய உணவின்போது அவர் என்னிடம் கேட்டது இது:

"வடக்கிலை தண்ணிப் போத்தலும், கிழக்கிலை ரொட்டிக் கூடையும், தெற்கிலை என்ரை கோப்பையும் எல்லையாய் இருக்கிற அந்த உப்பை, அதின்ரை மூடியோடை சேர்த்து இஞ்சாலை தாரும்."

மேற்கெல்லையை ஏன் விட்டுவிட்டார் என்று நான் திகைத்து நின்றேன். மேற்கில் நின்றவன் நான்தான்.

அவருடைய கண்களில் நடுப்பார்வை போய்விட்டிருந்தது. எதை நேரே நோக்கினாலும் அவ்விடத்தில் ஒரு கரிய வட்டம் நிற்கும். அவ்வட்டத்தின் ஓரங்களில் மட்டும் உலகம் எஞ்சியிருந்தது. ஆகவே ஒருவரைப் பார்க்க விரும்பினால் அவரை விடுத்து அருகிலுள்ள சுவரைப் பார்ப்பார். புதிதாக வருபவர்கள் சுவரில் பல்லி ஏதும் இருக்கிறதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் அவருடைய வாசகன் ஆனது தற்செயல். இத்தாலிய எழுத்து, ஒரு சில விதிகளை அறிந்துகொண்டால், எழுதியபடியே ஒலிப்பது. பொருள் விளங்காமலே அதை உரக்கப் படிக்க நான் ஒரு மாதத்தில் பழகியிருந்தேன். செய்யுளைப் பொருள் அறியுமுன் ஓசையோடு மனனஞ் செய்த கல்வி எமது. ஒருநாள் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்த சிஞ்ஞோராவுக்காகக் கடிதம் ஒன்றை அடுக்களையில் வாசித்தேன். உள்ளறையிலிருந்து நொத்தாரிசு குரல் கொடுத்தார்:

"ரொசாலியா, ஆர் அங்கை வாசிச்சது?"

"புது ஆள்தான். ஊரிலை வாத்தியாராம்."

"மயேஸ்த்ரோவோ? துடைக்கிறதை அங்கை வைச்சிட்டு இஞ்சை வரச்சொல்லு."

அன்றிலிருந்து நான் அவருக்கு மயேஸ்த்ரோ. வாத்தியார் என்பதற்கு அவர்களுடைய சொல் அது. காலையில் வீட்டுவேலை, பிற்பகல் நான்கு மணிக்கு வாசிப்பு. வாசிக்கத் தந்த நூல் அவரே எழுதியது.

அது அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறம் பற்றிய ஒரு வரலாற்று நாவல். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைப்பு அட்டையில் இடம் போதாமல் நூலின் முதுகுவரை நீண்டிருந்தது. சிசிலியை விட்டு ஒருநாளும் வெளியேறாத அவர், பழைய நிலப்படங்களையும் பதிவேடுகளையும் தருவித்து ஒன்பதாண்டு உழைத்து அதனை எழுதியிருந்தார். கதை இதுதான்: மலைக்கிராமத்துச் சிசிலியன் ஒருவன் கப்பலேறிப் போய், மரமேயில்லாத பெருவெளியில் முளைத்த ஒரு புதிய ஊரில் காணிப் பதிவு எழுத்தனாக அமர்கிறான். அவனிடம் இருப்பவை மைக்கூடு, பதிவேடு, நூறு வளையம் கொண்ட அளவுச் சங்கிலி. எதிரே இருபது துப்பாக்கிக்காரரை வைத்திருக்கும் மாட்டுப்பண்ணை முதலாளி. ஏழைக் குடியேறிகளின் நிலத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக விழுங்குபவன். எழுத்தன் அளக்கிறான். இருபத்தாறு அத்தியாயமும் அளக்கிறான். நாவல் முழுவதிலும் துப்பாக்கி ஒரு தடவை வெடிக்கிறது, அதுவும் தவறுதலாக. ஒரு கழுதை மிரளுகிறது.

இறுதி அத்தியாயத்தில், எல்லை உறுதியில் முதலாளி கையொப்பமிட வேண்டும். சட்டப்படி அது முழுவதும் உரக்க வாசிக்கப்படவேண்டும். எழுத்தன் சூரியன் எழும்போது தொடங்குகிறான். குதிரைமேல் அமர்ந்து மிரட்ட வந்த இருபது பேரும் நண்பகலில் இறங்கி நிழல் தேடுகிறார்கள். மாலையில் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தி சாயும்போது தனியே நிற்கும் முதலாளி, களைத்துப்போய், கையொப்பம் இடுகிறான்.

இந்நூலைப் பலெர்மோவில் முடித்தவர் இல்லை என்று சிஞ்ஞோரா என்னிடம் இரகசியமாகச் சொன்னார். தாமே நூறாம் பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னார். எனக்கோ அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஒரு வேலிக் கதியால் அரைமுழம் நகர்ந்ததற்காக மூன்று தலைமுறை வழக்காடிய ஒழுங்கையில் பிறந்தவன் நான். என் தாய்மாமன் எல்லைவேலி வழக்கில் வென்ற நாளில் பொங்கல் பொங்கினார். மகள் திருமணத்துக்கு அவர் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. ஆகவே பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வடகிழக்கு மூலைக் கல் இரவோடிரவாக இடம் மாறியிருந்தபோது அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். நூலை மூடிவிட்டு, எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் கேட்டேன்:

"ஐயா, அந்தக் கல்லை ஆர் நகர்த்தினது? பண்ணைக்காரனோ, பக்கத்துக் காணிக்காரனோ?"

நொத்தாரிசு சுவரைப் பார்த்தார். அதாவது என்னைப் பார்த்தார்.

"இருவது வரியமாய் இந்தக் கேள்வியை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார். "நாளைக்கு வாசிக்கேக்கை தெரியும்."

அந்நாவலை மூன்று முறை வாசித்தேன்; இறுதி அத்தியாயத்தை அவர் விருப்பப்படி ஞாயிறுதோறும் வாசித்தேன். ஓராண்டில் அதன் பத்தொன்பது பக்கமும் எனக்கு மனப்பாடமாயிற்று. இத்தாலியமும் அந்நூலிலிருந்தே வந்தது. வேறு எங்கிருந்தும் வரவில்லை. அதனால் விளைந்த சங்கடத்தைப் பல்லரோ மீன்காரர் அறிவார். ஒரு காலை நான் அவரிடம் சொன்னது, எம் காணி உறுதியின் மொழியில் பெயர்த்தால், இப்படி அமையும்: 'மேற்படி பலகையின் தென்பாதியில் கிடக்கும் சூரை மீனை, அதன் தலை, வால் மற்றும் அதனைச் சேர்ந்த சகல உரித்துக்களுடன், எனக்குக் கைமாற்றித் தரச் சம்மதமோ?' மீன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அதன்பின் என்னை வழக்கறிஞர் என்றே அழைத்தார்.

நொத்தாரிசின் நாவலில் என்னைப் போலவே சிக்கியவர் இன்னொருவரும் உண்டு. இரண்டாம் மாடியில் ஒரு வைத்தியரின் கைம்பெண்ணிடம் பணிபுரிந்த அந்தோனிப்பிள்ளை. மன்னாரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் முன்வரிசை. அன்றைய வாசிப்பில் என்ன நிகழ்ந்தது என்று படிக்கட்டில் என்னிடம் தமிழில் கேட்டறியாமல் மாலைப் பூசைக்குப் போகமாட்டார்.

இந்நிலையில்தான் திரைப்படக்காரர்கள் வந்தார்கள். உரோமாபுரியில் யாரோ ஒருவர் நூலை வாங்கி, முதலாளியையும் இருபது துப்பாக்கிக்காரரையும் மட்டும் படித்துவிட்டு, இதைப் படமாக்கலாம் என்று தீர்மானித்திருக்கவேண்டும். சிசிலியின் உள்நாட்டுக் குன்றுகள், கோதுமை அறுவடை முடிந்த கோடையில், மரமற்றுப் பொன்னிறமாகக் கிடக்கும். அங்கே மேற்கு எல்லைப்புற ஊரொன்றைப் பலகையால் கட்டினார்கள். ஒப்பந்தத்தை நொத்தாரிசே எழுதினார். அதில் ஒரு பிரிவு: நாவலிலிருந்து எம்மாற்றம் செய்வதாயினும் அது தாளில் எழுதப்பட்டு, அவர் வீட்டில், இரு சாட்சிகளின் முன்னிலையில், முழுவதும் உரக்க வாசிக்கப்பட்டு, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அவரது கையொப்பம் பெறப்படவேண்டும்.

உறவினர் சாட்சியாகக் கூடாது என்பதால் சிஞ்ஞோரா விலக்கப்பட்டார். அந்தோனிப்பிள்ளையும் கீழ்மாடி வாயிற்காவலர் தோன் பிப்போவும் நியமிக்கப்பட்டனர். தோன் பிப்போ ஒவ்வொரு வாசிப்பிலும் உறங்கினார். வாசிப்பின்போது உறங்குவது சாட்சியின் தகுதியைக் குறைக்காது, எழுந்துபோவதே குறைக்கும் என்று நொத்தாரிசு விளக்கம் தந்தார்.

நடைமுறை இது. நான் மேசையின் தலைமாட்டில் நிற்பேன். தாளில் உள்ளதைத் தலைப்பிலிருந்து தட்டச்சாளரின் அடையாளக் குறிவரை எதையும் விடாமல் வாசிப்பேன். முடிந்ததும், "இது தங்கள் விருப்பத்துக்கு இசைந்ததா?" என்று கேட்பேன். அவர் ஆம் என்றால், என் சுட்டுவிரலைத் தாளின் ஓரத்தில் வைப்பேன். அவர் தம் பேனாவை என் நகத்தில் முட்டவைத்து அங்கிருந்து எழுதுவார். இல்லை என்றால், தாளை நான்காக மடித்து, வந்தவரிடம் திருப்பிக் கொடுப்பேன்.

வந்தவர் உரோமாபுரியிலிருந்து திரைக்கதை எழுத அனுப்பப்பட்ட ஒருவர். வெள்ளைச் சப்பாத்து அணிந்த, எப்போதும் அவசரத்திலுள்ள மனிதர். உரோமாபுரியார் என்றே அவரைக் குறிக்கிறேன். அவருடைய முதல் மாற்றம், எழுத்தனின் கழுதையைக் குதிரையாக்குவது.

"ஏலாது," என்றார் நொத்தாரிசு.

"நொத்தாரிசு ஐயா, கதாநாயகன் கழுதையிலை வந்தால் சனம் சிரிக்கும்."

"அவன் அரசாங்க எழுத்தன். பிரயாணத்துக்கு அவனுக்குக் கழுதைதான் குடுத்தவை. அவன் குதிரையிலை வந்தால், களவெடுத்ததோ எண்டு சனம் கேக்கும். அதுக்கு நீர் மறுமொழி எழுதுவீரோ?"

கழுதை தங்கியது. இரண்டாம் மாற்றம், மதுக்கடையில் ஆடும் ஒரு பெண். உரோமாபுரியார் நடுங்கிக்கொண்டே தாளைத் தந்தார். நொத்தாரிசு சிந்தித்தார்.

"அந்த ஊரிலை அப்பிடி ஒருத்தி இருக்கேல்லை எண்டு நான் எங்கையும் எழுதேல்லை. இருந்திருக்கலாம். ஆடட்டும்."

அந்தோனிப்பிள்ளைக்கு ஆடல் பிடித்திருந்தது. ஆனால் படியிறங்கும்போது ஒரு கேள்வி எழுப்பினார். "மாஸ்ரர், அந்தப் பெட்டை ஆடுற கடை எந்தக் காணியிலை நிக்குது? பதினேழாம் இலக்கமெண்டால் அது வழக்கிலை கிடக்கிற காணியெல்லோ." அடுத்த அமர்வில் நான் இதனை எடுத்துரைத்தேன். கடையை எண்பது அடி மேற்கே நகர்த்தும்படி நொத்தாரிசு ஆணையிட்டார். உரோமாபுரியார் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். எங்களுள் யார் கதாசிரியர் என்ற ஐயம் அவருக்கு அன்று தோன்றியிருக்கலாம்.

புரட்டாதி மாத முடிவில் அந்தப் பதினொரு தாள்கள் வந்தன. அது இறுதிக் காட்சி. எழுத்தன் உறுதியை மேசையில் வைத்துவிட்டு, துப்பாக்கியை எடுத்து, தெருவில் இறங்கி, முதலாளியையும் அவன் ஆட்கள் அறுவரையும் சுட்டுக் கொல்கிறான்.

நொத்தாரிசு உறங்கிக்கொண்டிருந்தார். உரோமாபுரியார் அடுக்களை வாசலில் நின்றபடியே பேசினார். மற்றக் காட்சிகள் எல்லாம் எடுத்தாயிற்று. முதல் மழை விழுந்தால் குன்றுகள் பச்சையாகிவிடும், பச்சைக் குன்றில் முடிவை எடுக்கவியலாது. ஒரு நாள் முழுவதும் ஒரு மனிதன் பத்திரம் வாசிப்பதைப் படமெடுக்க உரோமாபுரியில் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். சனிக்கிழமைக்குள் கையொப்பம் இல்லையேல் படம் இல்லை. நாளை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லித் தாள்களை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

சிஞ்ஞோரா ரொசாலியா கதவைச் சாத்தினார்.

"கண் வைத்தியர் சொல்லிப்போட்டார். வாற கோடையோடை அந்த ஓரப் பார்வையும் போயிடும். ஒன்பது வரியம் எழுதினதைத் தன்ரை கண்ணாலை ஒருக்கால் பார்த்திட்டுப் போகவேணும் எண்டுதான் இவன் உசிரோடை இருக்கிறான். உமக்கும் தெரியும்."

தெரியும். நாள்தோறும் காலையில் அவர் வானொலியில் வானிலை கேட்டது அந்தக் குன்றுகளுக்காகவே.

"அவர் இதுக்குச் சம்மதிக்க மாட்டார், சிஞ்ஞோரா."

"சம்மதிக்கச் சொல்லி ஆர் கேட்டது? கையெழுத்து வைச்சால் காணும். நீர் பழைய முடிவை வாசியும். அதுதான் உமக்குப் பாடமெல்லோ."

"நான் தாளிலை உள்ளதை உள்ளபடி வாசிக்கிறவன்."

"ஓகோ. உப்பெண்டு சொல்லி ஒரு வருசமாய் அவனுக்கு உப்பில்லாத மாவைக் குடுக்கிறது ஆர்?"

"அது வைத்தியர் சொன்னது."

"இது நான் சொல்லுறன்."

தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் அந்தோனிப்பிள்ளையைக் கண்டேன். சாட்சி என்ற வகையில் அவருக்கும் இதில் பங்குண்டு.

"பொய்ச்சாட்சி பாவம், மாஸ்ரர்," என்றார். "பாவசங்கீர்த்தனத்திலை சொல்லவேண்டிவரும்."

"அப்ப வேண்டாம் எண்டுறீர்."

"நான் எங்கை அப்பிடிச் சொன்னனான்? எனக்கு இத்தாலியம் முழுக்க விளங்காது. விளங்காததுக்குச் சாட்சி வைச்சால் அது பொய்யில்லை."

"கடையை எண்பது அடி நகர்த்தேக்கை எல்லாம் விளங்கினது."

"அது காணி விசயம்." ஒரு படி கீழே இறங்கி நின்றார். "ஆனா ஒண்டு, மாஸ்ரர். அந்த ஆள் சுடுறது பெரிய பிழை. பாவத்தை விடுங்கோ. சுட்டுப்போட்டால் பேந்து உறுதியிலை கையெழுத்து வைக்கிறது ஆர்? செத்தவனோ? காணி சும்மா கிடக்கும்."

அன்று நான் சரியாக உறங்கவில்லை. பதினான்கு ஆண்டு வகுப்பறையில், ஓர் எழுத்தைத் தாவி வாசித்த பிள்ளையை மறுபடி முதலடியிலிருந்து தொடங்கவைத்தவன் நான். ஒரு மனிதர் தம் கண்களை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அவற்றைக் கொண்டே அவரை ஏமாற்றச் சொல்கிறார்கள். அதேவேளை, உள்ளதை உள்ளபடி வாசித்தால் அவருடைய அந்த எஞ்சிய ஓரமும் ஒன்றையும் காணாமல் அணைந்துவிடும். மறுநாள் நான்கு மணிவரை தீர்மானம் எதுவும் இல்லாமலே இருந்தேன்.

அனைவரும் கூடினர். தோன் பிப்போ நாற்காலியில் அமர்ந்த உடனே உறங்கிவிட்டார். உரோமாபுரியார் கையில் தாள்களின் பிரதி. சிஞ்ஞோரா கையில் செபமாலை. நான் முதல் தாளை எடுத்தேன். 'எழுத்தன் துப்பாக்கியை நோக்கிக் கை நீட்டுகிறான்' என்பது முதல் வரி. என் வாய் திறந்தது. "சூரியன் எழுந்தபோது எழுத்தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான்," என்று வாசித்தேன்.

உரோமாபுரியார் தம் பிரதியைப் பார்த்தார், முதற் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலாம் வாக்கியத்தில் அவருக்கு விடயம் பிடிபட்டது. அதன்பின் அவர் தம் வெள்ளைச் சப்பாத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் வாசித்துக்கொண்டே போனேன்; பொருத்தமென்று தோன்றிய இடங்களில் தாளைத் திருப்பினேன். கண்ணெதிரே தாளில் ஒருவன் சுடப்பட்டு மதுக்கடை வாசலில் விழுகிறான். என் வாயோ வடக்கெல்லையை அளந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கிக்காரர் நிழல் தேடிய இடத்தில் அந்தோனிப்பிள்ளை, அது எத்தனையோ தடவை கேட்ட கதையாயினும், திருப்தியுடன் தலையசைத்தார். முதலாளி கையொப்பமிட்டான். நான் நிறுத்தினேன். கடைசித் தாளை மேசையில் வைத்தேன்.

"இது தங்கள் விருப்பத்துக்கு இசைந்ததா?"

நொத்தாரிசு சுவரைப் பார்த்தார். தோன் பிப்போ ஒருமுறை விழித்து மறுபடி உறங்கினார்.

"இப்ப வாசிச்சது," என்றார், "என்ரை விருப்பம்தான்."

பதினொரு தாளிலும் கையொப்பமிட்டார். உரோமாபுரியார் அவற்றை வாரிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல், படிகளில் இறங்கி ஓடினார். செவ்வாய்க்கிழமை மழை பெய்தது; அதற்கு முதல் நாள் ஏழு பேரும் சுடப்பட்டுவிட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

படம் பங்குனி மாதத்தில் பலெர்மோவுக்கு வந்தது. சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுக்கும் சிறு தோடம்பழங்கள் சந்தைக்கு வந்திருந்தன. அவற்றை உறையில் கட்டிக்கொண்டு பிற்பகல் காட்சிக்கு நால்வரும் போனோம். நொத்தாரிசு வரிசையின் கடைசி ஆசனத்தைக் கேட்டுப் பெற்று, வெளியேறும் கதவை நோக்கி உட்கார்ந்தார். திரை அவருடைய கண்ணோரத்தில் விழவேண்டும் அல்லவா. பின்னாலிருந்த ஒருவர், ஐயா, படம் இந்தப் பக்கம் என்று அன்போடு திருத்தினார்.

திரையின் நடுவில் நடப்பதை நான் அவர் காதில் சொல்லவேண்டும். கழுதை வந்தது என்றேன். பெண் ஆடுகிறாள் என்றேன். "கடை எங்கை நிக்குது?" என்று அந்தோனிப்பிள்ளை என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். கடை அதே பழைய இடத்தில்தான் நின்றது. நான் அதைச் சொல்லவில்லை. அது சிறிய மறைப்பு. இன்னும் இருபது நிமிடத்தில் வரப்போவது வேறு.

எழுத்தன் உறுதியை மேசைமேல் வைத்தான்.

"இப்ப என்ன செய்யிறான்?" என்று கேட்டார் நொத்தாரிசு.

"உறுதி வாசிக்கத் தொடங்கிறார், ஐயா."

மண்டபம் அதிரத் துப்பாக்கி வெடித்தது.

"உறுதி வாசிக்கேக்கை எதுக்கு வெடி?"

சிஞ்ஞோரா செபமாலையைத் தேடினார். இரண்டாம் வெடி. மூன்றாம் வெடி. இதற்குமேல் அந்த மனிதரின் காதில் பொய் சொல்ல என்னால் இயலவில்லை.

"ஐயா, அவர் வாசிக்கேல்லை. சுடுறார். அண்டைக்குத் தாளிலை இருந்தது இதுதான். நான் உங்களுக்குப் பொய் வாசிச்சனான்."

"தெரியும்," என்றார், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ரை முடிவு பத்தொன்பது பக்கம். நீர் திருப்பினது பதினொரு தாள். மாத்தம் இல்லையெண்டால் தாளே வந்திராது. நாப்பது வருசம் தாள் திரும்புற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த எனக்கு அது கேளாதோ?"

"அப்ப ஏன் ஐயா கையெழுத்து வைச்சனீங்கள்?"

"வாசிச்சதுக்கு வைச்சனான். தாளிலை கிடந்தது அவையின்ரை பாடு." ஒரு தோடம்பழத்தை உரித்தார். "நான் அதுக்கு ஓம் எண்டு சொல்லியிருக்க ஏலாது, மயேஸ்த்ரோ. இல்லையெண்டு சொல்லவும் மனம் வரேல்லை. ஆரும் ஒருத்தர் பொய் சொல்லவேண்டியிருந்தது. நான் பதவியிலை இருந்தவன். நீர் இல்லை." பிறகு, தமக்கையின் பக்கம் தலையைச் சாய்த்து, "உப்பும் எனக்குத் தெரியும்," என்றார்.

சிஞ்ஞோரா தோடம்பழ உறையைத் தேடிக் குனிந்தார்.

"எத்தினை பேர் செத்துட்டினம்?" என்று நொத்தாரிசு என்னைக் கேட்டார்.

"ஏழாவது ஆள் இப்ப விழுறார்."

"நான் ஒருத்தரையும் காணேல்லை. எல்லாரும் நடுவிலை நிண்டு சாகினம் போலை. ஆனா நிலம் தெரிஞ்சுது. ரெண்டு ஓரமும் முழுக்க நிலம். நான் எழுதினபடியே கிடக்குது." பிறகு, "அடுத்த காட்சி எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

அதே ஆசனங்களில் இரண்டாம் முறையும் இருந்தோம். அந்தோனிப்பிள்ளை பூசைக்குப் போகவேண்டும் என்றார், போகவில்லை. பத்து நாள் அங்கே ஓடிய அப்படத்தை நொத்தாரிசு ஆறு தடவை பார்த்தார்; நாளுக்கு நாள் மண்டபம் வெறுமையாயிற்று. இரண்டாம் நாள் முதல் ஒரு புதிய ஏற்பாடு செய்தார். எழுத்தன் உறுதியை மேசைமேல் வைத்ததும், நான் திரையைக் கவனிக்கவேண்டாம். அவர் காதில் இறுதி அத்தியாயத்தை, பக்கம் எதையும் தாவாமல், வெடியோசைக்கு மேலால் கேட்கும் குரலில் சொல்லவேண்டும். படத்தின் முடிவு ஆறு நிமிடம். என்னுடையது முக்கால் மணி நேரம். விளக்கேற்றி, கூட்டிப் பெருக்க ஆள் வந்த பின்னரும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, அமைதியாக இருக்கச் சொன்னார். நொத்தாரிசு அவருக்குப் பக்கத்திலிருந்த தூணை நோக்கி மறுமொழி சொன்னார்.

"நாங்கள் இந்த நாலு கதிரைக்குள்ளைதான் வாசிக்கிறம். உங்கடை எல்லைக்குள்ளை ஒரு சொல்லும் விழேல்லை."

இறுதி நாளில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அதனால், வழக்கத்துக்கு மாறாக, படத்தின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடும்படி பணித்தார். அவருடைய முடிவும் அவர்களுடைய முடிவும் ஒன்றாக முடியட்டும் என்றார். தோடம்பழத் தோலை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி, தம் கண்ணோரத்தில் கிடந்த பெருவெளியைப் பார்த்தார். நான் சொல்லிக்கொண்டு போனேன். திரையில் ஏழாவது மனிதன் தெருவில் விழுந்தபோது, என் வாசிப்பில் துப்பாக்கிக்காரருள் கடைசி ஆள் குதிரையைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.